மருந்தாய்வுக் கட்டுரையில் பக்கவிளைவுகளைச் சரிபார்ப்பது எப்படி?

"மருந்து நோயாளிகளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது." மருந்தாய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் இந்த வரி அடிக்கடி வரும். இதில் தகவல் ஒன்றும் இல்லை. எத்தனை பேருக்கு என்ன வந்தது, எத்தனை பேர் பாதியில் மாத்திரையை நிறுத்தினார்கள், அதையெல்லாம் யார் கேட்டு எப்படிக் குறித்தார்கள் என்பது தெரியாதவரை இந்த வரியை நம்பவும் வேண்டாம், மேற்கோள் காட்டவும் வேண்டாம்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை அளக்கச் செலவிடும் கவனத்தில் சிறு பங்குதான் பக்கவிளைவுக்குக் கிடைக்கிறது. 2001இல் ஜான் அயோனிடிஸும் ஜோசப் லாவும் ஏழு மருத்துவத் துறைகளிலிருந்து 192 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். பக்கவிளைவின் கடுமையை ஒழுங்காக வரையறுத்திருந்தவை 39 சதவீதம் மட்டுமே. முடிவுகள் பகுதியில் பாதுகாப்புத் தகவலுக்குக் கிடைத்த இடம், இடைநிலை அளவில், 0.3 பக்கம். கட்டுரையாளர்களின் பெயரும் பணியிடமும் ஏறக்குறைய அதே இடத்தைப் பிடித்திருந்தன. இதைச் சரிசெய்ய, ஆய்வுக் கட்டுரைகளை எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டும் கன்சார்ட் குழு 2004இல் பத்துப் பரிந்துரைகளை வெளியிட்டது. ஆனாலும் 2016இல் சூ கோல்டர் குழுவினர் வெளியான கட்டுரைகளையும் அதே ஆய்வுகளின் வெளியாகாத ஆவணங்களையும் ஒப்பிட்டபோது, பக்கவிளைவுத் தகவல் இருந்தது வெளியானவற்றில் 46 சதவீதத்தில்தான். வெளியாகாதவற்றில் 95 சதவீதத்தில் இருந்தது.

ஆகவே அட்டவணையில் ஒரு பக்கவிளைவு இல்லையென்றால், அது நிகழவில்லை என்று பொருளல்ல. கேட்கப்படாமல் போயிருக்கலாம், கேட்டும் எண்ணப்படாமல் போயிருக்கலாம், எண்ணியும் வேறு பெயரில் போயிருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே சொல்கிறோம்.

எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வது

கட்டுரை மட்டும் போதாது. ஆய்விதழின் தளத்தில் கூடவே இருக்கும் துணை இணைப்பு, ஆய்வின் புரோட்டோகால் (முன்கூட்டி எழுதிய செயல்திட்டம்), ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் உள்ள முடிவுப் பக்கம் ஆகிய மூன்றையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பதிவு எண் பெரும்பாலும் சுருக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். அமெரிக்கப் பதிவேடான கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி முடிவுகள் பகுதிக்குப் போனால், பாதக நிகழ்வுகளுக்கென்று, அதாவது காரணம் எதுவானாலும் ஆய்வுக் காலத்தில் நேர்ந்த உடல்நலத் தொல்லைகளுக்கென்று, தனிப் பிரிவு இருக்கும். 2007இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும் ஆய்வுகள் இதை நிரப்பியே ஆக வேண்டும்.

அந்தப் பிரிவின் தலைப்பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். எந்தக் காலத்துக்குள் நடந்தவை எண்ணப்பட்டன, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் காட்டத் தேவையில்லை என்று வைத்தார்கள், முறைப்படி கேட்டுப் பெற்ற தகவலா தானாக வந்த தகவலா என்ற மூன்று விவரமும் அங்கேதான் இருக்கும். கீழே மூன்று அட்டவணைகள்: எந்தக் காரணத்தாலோ நேர்ந்த எல்லா மரணங்களும், சீரியஸ் நிகழ்வுகள் (இதன் பொருளைப் பின்னால் சொல்கிறோம்), மற்றவை. ஒவ்வொரு வரியிலும் கணக்கில் எடுக்கப்பட்டவர் மொத்தம் எத்தனை, பாதிக்கப்பட்டவர் எத்தனை என்று இருக்கும். பல ஆய்வுகள் நிகழ்வுகளின் எண்ணிக்கையையும் தனியே தரும். ஒரே ஆளுக்கு ஒன்பது முறை தலைவலி வந்தால் பாதிக்கப்பட்டவர் 1, நிகழ்வு 9. கணக்குப் போடும்போது ஆட்களின் எண்ணிக்கையையே எடுங்கள்.

எப்படிக் கேட்டார்கள்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். பொதுவாக மூன்று விதமாகக் கேட்பார்கள்: நோயாளி தானாகச் சொன்னால் எழுதிக்கொள்வது, "போன தடவை வந்ததிலிருந்து உடம்பு எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்பது, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பது. எந்த வகை என்பதைப் பொறுத்து எண்ணிக்கை பல மடங்கு மாறும்.

மன அழுத்தத்துக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வில் பாலியல் பிரச்சினை இருப்பதாகத் தாங்களாகவே சொன்னவர்கள் 14 சதவீதம். மருத்துவர் நேராகக் கேட்டபோது 58 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அதே நோயாளிகள், அதே மாத்திரைகள். கேட்ட விதம்தான் வேறு. இத்தகைய மருந்தின் பழைய கட்டுரையில் "2 சதவீதம்" என்று பார்த்தால், எழுதியவரைச் சந்தேகிக்கும் முன் கேட்ட முறையைப் பாருங்கள்.

யார் குறித்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். புற்றுநோய் ஆய்வுகள் மூன்றில் 1,090 நோயாளிகள் சொன்னதையும் அவர்களின் மருத்துவர்கள் குறித்ததையும் 2015இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் என்ற ஆறிலும் மருத்துவர்களின் கணக்கு குறைவாகவே இருந்தது. நோயாளி "இருக்கிறது" என்று சொல்லி மருத்துவர் குறிக்காமல் விட்டது 40.7 முதல் 74.4 சதவீதம் வரை. ரத்தப் பரிசோதனையில் தெரியும் கோளாறுகளில் இந்த இடைவெளி எழாது. நோயாளி சொன்னால்தான் தெரியும் தொல்லைகளில்தான் எழும். களைப்பு, குமட்டல், தூக்கமின்மை, ஆசையின்மை போன்றவற்றுக்கு மருத்துவர் குறித்த எண் மட்டும் இருந்தால், அதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்வதே நியாயம்.

கேட்ட முறை பற்றி ஒரு வார்த்தைகூடக் கட்டுரையில் இல்லையா? புரோட்டோகாலில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் தானாகச் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைச் சேர்த்தார்கள், யாரைக் கழித்தார்கள்?

சில ஆய்வுகளில் குலுக்கல் முறையில் பிரிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் சில வாரம் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் அங்கேயே வெளியேறிவிடுவார்கள். பிறகு வரும் பக்கவிளைவு அட்டவணை, தாக்குப்பிடித்தவர்களின் அட்டவணை. இதய செயலிழப்புக்கான சகுபிட்ரில்-வால்சார்ட்டன் மருந்தை எனலாப்ரிலுடன் ஒப்பிட்டு 2014இல் வெளியான பாரடைம்-எச்.எஃப். ஆய்வில் முன்னோட்டக் கட்டத்துக்குள் நுழைந்தவர்கள் சுமார் 10,500 பேர். பிரித்துச் சேர்க்கப்பட்டவர்கள் 8,442 பேர். ஐந்தில் ஒருவர் வழியிலேயே நின்றுவிட்டார். அவர்களில் பலர் பக்கவிளைவால் நின்றவர்கள். அந்த ஆய்வு இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியது. ஆனால் புதிதாக மாத்திரையைத் தொடங்கப்போகும் ஒருவருக்கு முக்கிய அட்டவணையின் சதவீதத்தை அப்படியே சொன்னால் தப்பாகிவிடும். பங்கேற்பாளர் எண்ணிக்கையைக் காட்டும் படத்தில், பிரிக்கும் கட்டத்துக்கு மேலே எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

வகுக்கும் எண் எது என்பதையும் கவனியுங்கள். குறைந்தது ஒரு டோஸாவது எடுத்தவர்கள் எல்லோரையும் வைத்துக் கணக்கிடுவதுதான் முறை. ஆய்வை முடித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் அந்த அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டு, படத்தில் "பாதக நிகழ்வால் விலகியவர்" என்ற வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே, கட்டுரையில் வேறெதுவும் தேறாவிட்டாலும் இந்த ஓர் எண் தேறும். ஒருவர் மாத்திரையை நிறுத்தினாரா இல்லையா என்பதில் விளக்கம் சொல்லி நழுவ அதிக இடமில்லை.

கணக்கு எந்த நாளோடு முடிந்தது?

ரோஃபிகாக்சிப் என்ற வலிநிவாரணியை நேப்ராக்சனுடன் 8,076 பேரில் ஒப்பிட்ட விகர் ஆய்வு 2000இல் வெளியானது. வயிற்றுப் புண், ரத்தக்கசிவு ஆகியவற்றை எண்ணி முடித்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே இதய நிகழ்வுகளின் கணக்கை மூடியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ரோஃபிகாக்சிப் குழுவில் நேர்ந்த மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் வரவில்லை. 20 ஆக இருக்க வேண்டியது 17 ஆக நின்றது. நன்மைக்கு ஒரு கடைசி நாள், தீமைக்கு வேறொரு கடைசி நாள் என்பதைக் கட்டுரையைப் படித்தவர்கள் அறிய வழியில்லை. 2005 டிசம்பரில்தான் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் இதுபற்றித் தன் கவலையை வெளியிட்டது. மருந்தோ 2004 செப்டம்பர் 30 அன்றே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

ஆகவே இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நன்மையை எண்ணிய கடைசி நாள், பக்கவிளைவை எண்ணிய கடைசி நாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, மருந்தை நிறுத்திய பின் எத்தனை நாள் வரை எண்ணினார்கள் என்று பாருங்கள். 14 நாள், 30 நாள் என்பதெல்லாம் வழக்கம். குமட்டலுக்கு இது போதும். ரத்தக்குழாய் பாதிப்பு, புற்றுநோய், எலும்பு தேய்தல் போன்றவற்றுக்குப் போதாது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் போனவர்தான் மருந்தை நிறுத்துகிறார். 15ஆம் நாள் அவருக்கு மாரடைப்பு வந்தால் அது எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும்.

பெயர் மாறிய பக்கவிளைவுகள்

நோயாளி சொன்னது அப்படியே அட்டவணைக்கு வருவதில்லை. மெட்ரா என்ற சொல்லகராதியில் உள்ள ஒரு பெயராக அதை மாற்றிக் குறிப்பார்கள். ஐந்து அடுக்குகள் கொண்ட அந்த அகராதியின் மேலடுக்கில் 27 உறுப்பு மண்டலங்களும், அட்டவணையில் நாம் பார்க்கும் அடுக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களும் உண்டு. தவறு நேரக்கூடிய இடம் இது.

பெயர் மென்மையாகிப்போவது ஒரு வகை. பதின்வயதினரின் மன அழுத்தத்துக்குப் பராக்ஸிடினைச் சோதித்த 329ஆம் எண் ஆய்வு 2001இல் வெளியானபோது, தற்கொலை எண்ணமும் முயற்சியும் "உணர்ச்சித் தடுமாற்றம்" என்ற தலைப்பின் கீழ் போயிருந்தன. 2015இல் வேறொரு குழு மூல ஆவணங்களிலிருந்து அந்த 275 பேரின் தரவை மீண்டும் அலசியபோது அத்தகைய நிகழ்வுகள் முதல் கட்டுரை காட்டியதைவிட அதிகமாக இருந்தன. பொத்தாம்பொதுவான, எதையும் குறிக்காத பெயர் ஒன்று அட்டவணையில் இருந்து, அதன் எண் மருந்துக் குழுவில் கூடுதலாகவும் இருந்தால், அங்கே நின்று தோண்டுங்கள்.

சிதறிப்போவது இன்னொரு வகை. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு குழுவிலும் 400 பேர். மருந்துக் குழுவில் "தூக்கக் கலக்கம்" 16 பேர், "மந்தம்" 16 பேர், "சோர்வு" 16 பேர். தலா 4 சதவீதம். பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) குழுவில் மூன்றும் தலா 4 பேர், அதாவது 1 சதவீதம். கட்டுரை 5 சதவீதத்துக்கு மேற்பட்டதை மட்டும் காட்டுவதாக இருந்தால் மூன்று வரியும் மறைந்துவிடும். மருந்துக்கு அயர்ச்சியே இல்லை என்று தோன்றும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் மருந்துக் குழுவில் 12 சதவீதம் வரை, பிளாசிபோவில் 3 சதவீதம் வரை. "வரை" என்று சொல்லக் காரணம், ஒரே ஆளுக்கு இரண்டு பெயரும் விழுந்திருக்கலாம். எல்லாம் ஒரே 16 பேராகவும் இருக்கலாம் என்பதால் கீழ் எல்லை 4 சதவீதம். சரியான எண் இடையில் எங்கோ இருக்கிறது. அதை ஆய்வுக் குழுதான் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியது: உங்களுக்குக் கவலை தரும் பக்கவிளைவுக்கு நெருக்கமான பெயர்களையெல்லாம் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தபின் எழுதினால் நமக்குப் பிடித்த முடிவுக்கு ஏற்றபடி பட்டியல் வளைந்துவிடும். பிறகு துணை இணைப்பிலும் பதிவேட்டிலும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

சீரியஸ், சிவியர் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் அல்லது அங்கே தங்குவது நீளுதல், நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றுக்குக் காரணமானால் அது சீரியஸ். சிவியர் என்பது கடுமையின் அளவு. தாங்க முடியாத தலைவலி சிவியர். வீட்டிலேயே சரியானால் சீரியஸ் ஆகாது. "சீரியஸ் பக்கவிளைவு எதுவும் இல்லை" என்ற வரி, நோயாளிகள் சிரமப்படவில்லை என்று சொல்லவில்லை.

"மருந்தால் வந்தது" என்ற நெடுவரிசை

பல அட்டவணைகளில் எல்லா நிகழ்வுகளும் ஒரு நெடுவரிசையில், மருந்தோடு தொடர்புடையதாக ஆய்வு மருத்துவர் கருதியவை இன்னொரு நெடுவரிசையில் இருக்கும். இரண்டாவதை விட்டுவிடுங்கள். அது தனிப்பட்ட ஊகம். புதிய மருந்தின் தெரியாத பக்கவிளைவை ஒரு மருத்துவர் எப்படி அடையாளம் காண்பார்? பிளாசிபோ குழுவை வைத்திருப்பதே இந்த ஊகத்தைத் தவிர்க்கத்தான். இரு குழுக்களின் மொத்த எண்ணையும் ஒப்பிட்டால் போதும்.

ஒப்பீடு இல்லாத சதவீதம் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவால் நிறுத்திய 60 பேரை வைத்து நடந்த சாம்சன் ஆய்வில், ஒவ்வொருவரும் ஓர் ஆண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் பிளாசிபோ, நான்கு மாதம் மாத்திரையே இல்லாமல், குலுக்கிய வரிசையில் இருந்தார்கள். தொல்லையின் சராசரி மதிப்பெண் மாத்திரை இல்லாத மாதங்களில் 8.0, பிளாசிபோவில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. அவர்கள் பட்ட அவதி உண்மை. அதில் பெரும்பகுதி மாத்திரை விழுங்கியதால் வந்தது, மருந்தால் வந்ததல்ல.

மூன்று கணக்குகள்

முதலாவது, வித்தியாசம். மருந்துக் குழுவின் சதவீதத்திலிருந்து பிளாசிபோவின் சதவீதத்தைக் கழியுங்கள். 100ஐ அந்த விடையால் வகுத்தால் எத்தனை பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பாதிப்பு வரும் என்று கிடைக்கும். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரும் ஒசெல்டாமிவிர் மருந்து பற்றி, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வில் பெரியவர்களுக்குக் குமட்டல் 3.66 சதவீதம் கூடியது: 28 பேரில் ஒருவர். வாந்தி 4.56 சதவீதம் கூடியது: 22 பேரில் ஒருவர்.

இரண்டாவது, பூஜ்யம் என்று போட்டிருந்தால். 3ஐ அந்தக் குழுவின் எண்ணிக்கையால் வகுங்கள். 500 பேரில் ஒருவருக்கும் வரவில்லையென்றால், உண்மை அளவு 0.6 சதவீதம் வரை, அதாவது 167 பேரில் ஒருவர் வரை இருக்கலாம் என்பது 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு ஒன்றையாவது கண்ணில் பார்க்க ஏறக்குறைய 3,000 பேர் தேவை. சிறிய ஆய்வின் பூஜ்யத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதியிருந்தால். குழுவுக்கு 300 பேர். மருந்தில் 6 பேருக்கும் பிளாசிபோவில் 2 பேருக்கும் கல்லீரல் நொதி உயர்ந்தது என்று வையுங்கள். வித்தியாசம் 1.33 சதவீதம். அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் மைனஸ் 0.5 முதல் 3.2 வரை. ஆயிரம் பேரில் 5 பேருக்குக் குறையவும் செய்யலாம், 32 பேருக்குக் கூடவும் செய்யலாம் என்பதே இதன் பொருள். 32 பேர் என்பது பல நோய்களில் ஏற்க முடியாத அளவு. ஆய்வுகள் நன்மையை அளப்பதற்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்க்கின்றன, தீமையை அளப்பதற்கு அல்ல. எனவே பக்கவிளைவில் பி மதிப்பை (வேறுபாடு குறிப்பிடத்தக்கதா என்று முடிவுகட்டப் பயன்படும் எண்ணை) ஒதுக்கிவிட்டு இடைவெளியின் மேல்முனையைப் பாருங்கள்.

கட்டுரையும் பதிவேடும் ஒத்துப்போகாவிட்டால்

மரணங்கள், சீரியஸ் நிகழ்வு வந்தவர்கள், பக்கவிளைவால் விலகியவர்கள் என்ற மூன்று எண்களை இரு இடத்திலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணிய காலம் வேறாக இருக்கலாம். கட்டுரை வந்தபின் பதிவேட்டைத் திருத்தியிருக்கலாம். பதிவேட்டின் மாற்ற வரலாற்றில் எந்தத் தேதியில் எது மாறியது என்று தெரியும். அதிலும் விளக்கம் கிடைக்காவிட்டால், கட்டுரையில் தொடர்புக்கெனக் குறிப்பிட்ட ஆசிரியருக்கு எழுதுங்கள். "பக்கவிளைவுத் தரவு அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒரு டோஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர், நீங்கள் பட்டியலிட்ட பெயர்களில் ஏதேனும் ஒன்றாவது வந்த ஆட்கள் எத்தனை பேர், கடைசி டோஸுக்குப் பின் எத்தனை நாள் வரை எண்ணப்பட்டது.

சந்தைக்கு வந்துவிட்ட மருந்தென்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. தன் மதிப்பாய்வு அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2016 அக்டோபரில் நிறுவனங்கள் கொடுத்த ஆய்வறிக்கைகளை வெளியிடத் தொடங்கியது. எல்லா மருந்துக்கும் கிடைக்காது, ஆனால் தேடிப் பார்ப்பது வீணாகாது. அந்த அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஓடும் என்று மலைக்க வேண்டாம். மருந்து விதிகளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கும் ஐ.சி.எச். அமைப்பின் வழிகாட்டுதலின்படி பகுதி எண்கள் எல்லா அறிக்கையிலும் ஒன்றே: பாதுகாப்பு மதிப்பீடு 12ஆம் பகுதி, அட்டவணைகள் 14.3, ஒவ்வொரு நோயாளியின் நிகழ்வுப் பட்டியல் 16.2.7. முதலில் 14.3.3க்குப் போங்கள். மரணங்களும் சீரியஸ் நிகழ்வுகளும் அங்கே ஆள்வாரியாக, என்றைக்கு என்ன நடந்தது என்று உரைநடையில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, அதே நோயாளிக்கு அட்டவணையில் என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று எதிரே எழுதிக்கொண்டே வாருங்கள்.